காய்ச்சலின் இருப்பிடம்: ஜெர்மானிய மகப்பேற்று மருத்துவ வரலாற்றில் தணியாத பேறுகாலத் தொற்று

பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் காய்ச்சல் கண்டு, மருந்து கொடுத்தும் அது இறங்காமல் நின்றால், மருத்துவர் முன் இரண்டு வழிகள் உள்ளன. கொடுத்த மருந்து போதவில்லை என்று கருதி வேறொரு மருந்தை நாடலாம். அல்லது, காய்ச்சலை மூட்டிக்கொண்டிருக்கும் பொருள் உடம்பில் எங்கே இருக்கிறது என்று தேடலாம். இன்றைய மருத்துவமனைகளில் முதல் வழியே முதலில் தோன்றுகிறது. கையில் மருந்துகள் பல இருப்பதே அதற்குக் காரணம். இரண்டாவது கேள்வியோ, நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஒன்றுகூட இல்லாத காலத்தில் கேட்கப்பட்டது. 1840களிலிருந்து 1914 வரை ஜெர்மன் மொழி பேசும் மருத்துவ உலகில் அக்கேள்வி படிப்படியாகக் கூர்மை பெற்றது. 1935க்குப் பின் மங்கியது. மருந்து தோற்ற இடங்களில் மீண்டும் எழுந்தது. அந்த வரலாற்றைத் தொடர்ந்து சென்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழியல் மாநாடொன்றில் இப்பொருளை எடுத்துக்கொள்வதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. தமிழில் எழுதப்படும் மருத்துவ வரலாறு சித்த மருத்துவ ஏடுகளையும், ஆங்கில, அமெரிக்க மிஷன் மருத்துவத்தையும் பேசும் அளவுக்கு ஜெர்மானிய மரபைப் பேசுவதில்லை. மற்றது, 1983க்குப் பின் ஜெர்மனியில் குடியேறிய ஈழத்தமிழர் குடும்பங்களின் பிள்ளைப்பேறுகள் அந்த மரபில் வந்த மருத்துவமனைகளிலேயே நிகழ்கின்றன. அங்கே தாய் சொல்லும் சொல்லும் மருத்துவர் கேட்கும் சொல்லும் ஒன்றையொன்று சந்திக்க வேண்டியுள்ளது. எனவே சொல்லிலிருந்தே தொடங்குவது பொருந்தும்.

பெயர்கள்

தமிழில் இந்நோய்க்கு வழங்கிய பெயர் சன்னி அல்லது ஜன்னி. பிரசவ ஜன்னி, சூதக சன்னி என்பன அதன் விரிவுகள். நோயாளி பிதற்றுவதையும், உடல் நடுங்குவதையும், நினைவு தடுமாறுவதையும் கண்டு இட்ட பெயர் அது. இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. குருதியழுத்தம் மிகுந்து வலிப்பு வரும் பேறுகால நோயையும் மக்கள் பிரசவ ஜன்னி என்றே சொல்லி வந்தனர். தொற்றினால் வரும் காய்ச்சலையும் அதே பெயரால் அழைத்தனர். காரணத்தால் முற்றிலும் வேறான இரு நோய்கள், கண்ணுக்குத் தெரிந்த குறியின் ஒற்றுமையால் ஒரு பெயருக்குள் அடங்கின. ஜெர்மானியர் இட்ட பெயர் கிண்ட்பெட்ஃபீபர், அதாவது பிள்ளைப்பேற்றுப் படுக்கைக் காய்ச்சல். அது காலத்தையும் படுக்கையையும் சொல்கிறதேயன்றிக் காரணத்தையோ இடத்தையோ சொல்லவில்லை. இவ்வகையில் இரு மொழிகளும் ஒரே நிலையில்தான் இருந்தன.

காரணம் பற்றிய பழைய கருத்துகளிலும் வியப்பான ஒற்றுமை உண்டு. பேற்றுக்குப் பின் கசிய வேண்டிய உதிரப்போக்கு உள்ளே தடைப்பட்டு நஞ்சாகிறது என்பது ஐரோப்பிய மருத்துவர்கள் நெடுங்காலம் நம்பிய கருத்து. ‘அழுக்கு உள்ளே தங்கிவிட்டது’ என்று நம் ஊர் முதியவர்கள் சொல்வதும் அதுவே. இதனை முழுமூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. கருப்பைவாய் அடைபட்டு உதிரப்போக்கு தேங்கிக் காய்ச்சல் வருவதை ஜெர்மன் மகப்பேற்று மருத்துவம் லோக்கியால்ஸ்டாவ் என்ற பெயரில் இன்றும் ஒரு தனி நோயறிதலாக வைத்திருக்கிறது.

மேனாட்டு மகப்பேற்று நூல் தமிழுக்கு வந்த காலத்தையும் இங்கே நினைவுகூரலாம். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், டப்ளின் மருத்துவர் மான்செல் எழுதிய மகப்பேற்று நூலைத் தமிழாக்கி 1857இல் வெளியிட்டார். பேற்றுக்காய்ச்சலின் காரணம் பற்றி இக்னாஸ் செம்மல்வைஸ் தம் பெருநூலை ஜெர்மன் மொழியில் வெளியிட்டது 1861இல். ஆகவே தமிழ் மாணவர் கைக்கு மேனாட்டு மகப்பேற்று மருத்துவம் வந்தபோது, ஐரோப்பாவிலேயே இந்நோயின் காரணம் முடிவாகாமல் கிடந்தது.

கீல் நகரத்துச் செய்தி

செம்மல்வைஸின் கதை பலரும் அறிந்தது. ஆதலின் சுருக்கமாகச் சொல்லி மேற்செல்லலாம். வியன்னா பொது மருத்துவமனையின் முதல் மகப்பேற்றுப் பிரிவில் 1846இல் 4010 பேறுகளுக்கு 459 தாய்மார் இறந்தனர். பிண அறுவை செய்த கையோடு மாணவர்கள் தாய்மாரைச் சோதிப்பதே காரணம் என உணர்ந்த அவர், 1847 மே முதல் குளோரின் நீரில் கை கழுவச் செய்தார். 1848இல் 3556 பேறுகளுக்கு இறப்பு 45 ஆகக் குறைந்தது.

இச்செய்தி ஜெர்மன் நிலப்பகுதியில் எப்படி ஏற்கப்பட்டது என்பதற்கு வடக்கே கீல் நகரில் ஒரு துயரமான சான்று உண்டு. அங்கே மகப்பேற்று மருத்துவமனைக்குத் தலைவராக இருந்தவர் குஸ்தாவ் அடால்ஃப் மிக்கேலிஸ். பெண்ணின் இடுப்பெலும்புக் கூட்டின் அளவுகளை ஆராய்ந்து புகழ் பெற்றவர். தம் மருத்துவமனையில் பேற்றுக்காய்ச்சல் பரவியதால் 1847இல் அதனைச் சில காலம் மூடிவைத்திருந்தார். வியன்னாச் செய்தி கடிதவழி அவருக்கு எட்டியதும் குளோரின் நீரைப் புகுத்தினார், பயனையும் கண்டார். ஆயின் அந்தப் பயனே அவருக்குப் பெருந்துன்பமாயிற்று. முந்திய கோடையில் அவருடைய உறவுமுறைச் சகோதரி ஒருவர் பேற்றுக்குப் பின் அவர் கையால் சோதிக்கப்பட்டார். பிறகு அதே காய்ச்சலில் இறந்தார். செம்மல்வைஸ் சொல்வது உண்மையாயின் அவரைக் கொன்றது தம் கையே என்ற முடிவுக்கு மிக்கேலிஸ் வந்தார். 1848 ஆகஸ்டில் ஹனோவருக்கு அருகிலுள்ள லேர்ட்டே நிலையத்தில் தொடர்வண்டியின் முன் விழுந்து உயிர் நீத்தார். புதிய கருத்தை மறுத்த பேராசிரியர்கள் பலர் அமைதியாக வாழ்ந்து முடித்தனர். ஏற்றுக்கொண்டவர் நிலை இது.

கை கழுவுதல், நோய் உடம்பினுள் நுழையும் வழியை அடைத்தது. நுழைந்த பின் அது எங்கே தங்குகிறது, ஏன் சிலருக்கு வாரக்கணக்கில் விட்டுவிட்டு எரிகிறது என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. அக்கேள்வியை எடுத்துக்கொண்டவர்கள் பிண அறுவை மேசையிலும் காய்ச்சல் அட்டையிலும் வேலை செய்த வேறு சிலர்.

சிரையும் அட்டையும்

பேற்றுக்காய்ச்சலில் இறந்த பெண்களை அறுத்துப் பார்த்தவர்கள், கருப்பையை ஒட்டிய சிரைகளில் சீழ் போன்ற பொருள் நிறைந்திருப்பதை நெடுங்காலமாகவே கண்டிருந்தனர். சிரையின் சுவர் அழன்று சீழைச் சுரக்கிறது என்றே கருதப்பட்டது. பெர்லினிலும் வூர்ட்ஸ்புர்கிலும் பணியாற்றிய ருடால்ஃப் ஃபிர்ஹோ இதனைத் தலைகீழாக்கினார். சிரைக்குள் முதலில் உறைவது குருதியே. அந்த உறைகட்டி நாளடைவில் இளகிச் சீழ் போலத் தோன்றுகிறது. அதன் துணுக்குகள் பிய்ந்து நெஞ்சின் வழியாக நுரையீரலை அடைந்து அங்கே புதிய புண்களை உண்டாக்குகின்றன. இதனை 1856இல் வெளியான தம் கட்டுரைத் தொகுப்பில் விரிவாக நிறுவினார். இன்று உலகமெங்கும் வழங்கும் திராம்போசிஸ், எம்பாலிசம் என்ற சொற்கள் அவர் படைத்தவை. செம்மல்வைஸின் கோட்பாட்டை ஏற்கத் தயங்கியவர்களுள் ஃபிர்ஹோவும் ஒருவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. நுழைவாயில் பற்றிய உண்மையைத் தவறவிட்டவரே தங்குமிடம் பற்றிய உண்மைக்கு அடிகோலினார்.

மறுபுறம் லைப்சிக் நகரில் கார்ல் வுண்டர்லிஷ் நோயாளிகளின் உடல்வெப்பத்தை நாள்தோறும் அளந்து வரைபடமாக்கினார். ஏறத்தாழ 25,000 நோயாளிகளிடமிருந்து திரட்டிய அளவுகளைக் கொண்டு 1868இல் அவர் வெளியிட்ட நூல், காய்ச்சல் ஒரு நோயன்று, நோயின் குறி என்பதை மருத்துவ உலகில் நிலைநிறுத்தியது. காய்ச்சலுக்கு ஒரு வடிவம் உண்டு என்பது அட்டையில் தெரிந்தது. விடாமல் எரிவது ஒரு வகை. காலையில் இறங்கி மாலையில் குளிருடன் ஏறுவது மற்றொரு வகை. முறைக்காய்ச்சல், குளிர்காய்ச்சல், யாழ்ப்பாணத்துக் குலைப்பன் காய்ச்சல் எனத் தமிழும் காய்ச்சலை அதன் போக்கால் பிரித்துப் பெயரிட்டிருந்ததை இங்கே ஒப்புநோக்கலாம். ஆயின் மணிக்கணக்கும் பாகைக்கணக்கும் இட்டு எழுதிவைத்த போதுதான், ஒரு நோயாளியின் காய்ச்சலை நூறு பேரின் காய்ச்சலோடு ஒப்பிட முடிந்தது.

இவ்விரண்டும் சேர்ந்தபோது ஒரு நோய்ப்படம் தெளிந்தது. பேறு முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். கருப்பை ஏறத்தாழ இயல்பாகச் சுருங்கியிருக்கும்; வயிற்றில் பெரிய வலி இராது. திடீரென்று பல் அடிக்கும் நடுக்கம். காய்ச்சல் 40 பாகையைத் தொடும். சில மணி நேரத்தில் வியர்த்து இறங்கும். இடையே அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து உண்பாள். நலமாகிவிட்டது போலத் தோன்றும். மறுநாள் மீண்டும் நடுக்கம். ஒவ்வொரு நடுக்கமும், உறைகட்டியின் ஒரு துணுக்குக் குருதியில் இறங்கியதன் அடையாளம் என்று மருத்துவர்கள் அட்டையைப் படிக்கலாயினர். இவ்வகை நோய் பையீமியா எனப்பட்டது. வாரக்கணக்கில் நீளும் இதில் பெரும்பாலோர் இறந்தனர்.

லைப்சிக், 1902

உறைகட்டி சிரையில் உள்ளது, அங்கிருந்து நெஞ்சுக்குச் செல்கிறது என்றால், இடையில் சிரையைக் கட்டிவிட்டால் என்ன? காதுச் சீழினால் கழுத்துச் சிரையில் உறைகட்டி ஏற்படும் நோயாளிகளுக்கு அச்சிரையைக் கட்டலாம் என்று பிராக் நகரத்துக் காது மருத்துவர் ட்சாவ்ஃபால் 1880இலேயே முன்மொழிந்திருந்தார். இடுப்புக்குழிச் சிரைகளில் அதைச் செய்ய வில்ஹெல்ம் அலெக்சாந்தர் ஃப்ராய்ண்ட் முயன்றார். அவருடைய நோயாளிகள் பிழைக்கவில்லை. 1902இல் லைப்சிக் அறுவைப் பேராசிரியர் ஃப்ரீட்ரிஷ் ட்ரெண்டலன்புர்க், இடுப்பின் உட்சிரையையும் சூலகச் சிரையையும் கட்டி ஒரு பெண்ணைப் பிழைக்கவைத்ததை அறிவித்தார். பெர்லினில் எர்ன்ஸ்ட் பும் வயிற்றைத் திறந்து அதே வேலையைச் செய்யும் முறையைக் கையாண்டார்.

இவ்வறுவையின் கைத்திறனைவிட, அதற்கு முன்னால் எடுக்க வேண்டியிருந்த முடிவே நம் கவனத்துக்கு உரியது. சிரையைக் கண்ணால் காண வழியில்லை. ரோன்ட்கன் 1895இல் வூர்ட்ஸ்புர்கில் கண்டறிந்த கதிர் எலும்பைக் காட்டியது. இடுப்புக்குழிக்குள் உறைந்து கிடக்கும் சிரையை அது காட்டாது. விரலால் தடவிப் பார்த்தால் சிலரிடம் கருப்பையின் பக்கத்தே புழுப் போன்ற தடித்த கயிறு ஒன்று தட்டுப்படும். பலரிடம் ஒன்றும் தட்டுப்படாது. மருத்துவரிடம் இருந்தவை காய்ச்சல் அட்டை, நடுக்கங்களின் எண்ணிக்கை, ஏனைய காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிய பட்டியல் ஆகிய மூன்றே. முன்கூட்டி வெட்டினால், தானாகவே தேறியிருக்கக்கூடிய பெண்ணைப் பேரறுவைக்கு உட்படுத்தியதாகும். காத்திருந்தால் உறைகட்டி மேலேறிப் பெருஞ்சிரையை அடைந்துவிடும். பிறகு கட்டுவதற்கு இடமிராது. எத்தனையாவது நடுக்கத்தில் வெட்டுவது என்பது அக்கால மருத்துவக் கூட்டங்களில் முடிவுறாத வாதமாக இருந்தது. அட்டையிலிருந்த ஒவ்வொரு கூர்முனையும் அவர்களுக்கு ஒரு பெண்ணின் எஞ்சிய நாள்களைக் குறித்தது.

ஹம்புர்க்: உலை என்ற சொல்

இக்கேள்விக்குக் கோட்பாட்டு வடிவம் தந்தவர் ஹம்புர்க்-எபெண்டோர்ஃப் மருத்துவமனையின் ஹூகோ ஷொட்ம்யுல்லர். 1903இல் குருதி கலந்த வளர்ப்புத் தட்டில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நுண்ணுயிர்களை வகைபிரிக்கும் முறையை வெளியிட்டவர் அவர். சில வகைகள் குருதிச் செவ்வணுக்களைச் சிதைத்துத் தம்மைச் சுற்றித் தெளிந்த வளையத்தை உண்டாக்குகின்றன, சில உண்டாக்குவதில்லை. இன்றும் உலகின் எந்த ஆய்வுக்கூடத்திலும் இதே தட்டுதான் பயன்படுகிறது. 1910 அளவில், காற்றில்லா நிலையில் மட்டுமே வளரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஒன்று பேறுகாலக் காய்ச்சலுக்கும் கருச்சிதைவுக் காய்ச்சலுக்கும் காரணமாவதைக் காட்டினார். வழக்கமான முறையில் வளர்த்தால் தட்டு வெறுமையாக இருக்கும். கிருமியே இல்லை என்று மருத்துவர் நினைப்பார். நடுக்கம் வரும் வேளையில் குருதியை எடுத்து, காற்றை விலக்கி வளர்த்தால் அது வெளிப்படும். வெறுமையான தட்டுக்கு நோய் இல்லை என்று பொருளில்லை, தேடிய முறை தவறு என்றும் பொருள்படலாம் என்பது இந்த ஆய்வினால் கிடைத்த முதற்பயன்.

1914இல் வீஸ்பாடன் நகரில் கூடிய உள்மருத்துவ மாநாட்டில் அவர் செப்சிஸ் என்பதற்கு ஒரு வரையறை தந்தார். உடம்பினுள் ஓர் இடம் உருவாகியிருக்க வேண்டும். அங்கிருந்து நோய்க்கிருமிகள் இடையறாமலோ விட்டுவிட்டோ குருதியோட்டத்தில் நுழைய வேண்டும். அந்நுழைவினால் நோயாளி உணரும் குறிகளும் மருத்துவர் காணும் குறிகளும் எழ வேண்டும். இம்மூன்றும் சேர்ந்ததே செப்சிஸ். குருதியில் கிருமி இருப்பது நோயின் விளைவேயன்றி அதன் உறைவிடமன்று என்பது இதன் உட்கருத்து. அந்த இடத்துக்கு அவர் வழங்கிய சொல் ஹெர்ட். ஜெர்மன் மொழியில் அது அடுப்பையும் உலையையும் குறிக்கும் அன்றாடச் சொல். மருத்துவத்தில் நோயின் இருப்பிடத்தைக் குறிக்கும். தமிழில் ‘குவியம்’ என்றும் ‘தொற்றுமூலம்’ என்றும் இன்று மொழிபெயர்க்கிறோம். உலை என்ற சொல் கைவசம் இருக்கையில் குவியத்துக்குப் போனது சற்றே வருந்தத்தக்கது. தீ எங்கிருந்து மூட்டப்படுகிறது என்ற கேள்வி அச்சொல்லில் ஒலிக்கிறது.

பேறுகாலத் தொற்றில் உலை எங்கெங்கே இருக்கலாம் என்று இந்த மரபினர் பட்டியலிட்டனர். கருப்பையின் உட்சுவர், உள்ளே தங்கிய நஞ்சுக்கொடித் துணுக்கு, கருப்பையைச் சூழ்ந்த இணைப்புத் திசு, வயிற்றுறை, சிரைக்குள் இருக்கும் உறைகட்டி என்பன அவை. ஒவ்வொன்றும் காய்ச்சல் அட்டையில் வேறு வடிவம் எழுதும். ஒவ்வொன்றின் முடிவும் வேறு.

ஆயினும் அக்காலத்தில் உலையைத் தேடுவதற்குத் தடையாக நின்றது மருத்துவம் சாராத ஒன்று. ஹம்புர்க் போன்ற பெருநகரங்களில் இத்தகைய காய்ச்சலோடு வந்தவர்களுள் பலர் மறைவில் செய்யப்பட்ட கருக்கலைப்பால் நோயுற்றவர்கள். 1871ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 218ஆம் பிரிவு கருக்கலைத்த பெண்ணுக்கு ஐந்தாண்டு வரை கடுங்காவல் விதித்தது. 1926இல்தான் அது சற்றே தளர்த்தப்பட்டது. நோயாளி உண்மையைச் சொன்னால் சிறை. சொல்லாவிட்டால், கருவிபட்டுக் கிழிந்த கருப்பையைத் தேட வேண்டும் என்பது மருத்துவருக்குத் தெரியாது. நோயறிதலின் முதற்படி நோயாளியின் வாய்மொழி. அந்த வாய்மொழியைச் சட்டம் பூட்டிவைத்திருந்தது.

எல்பெர்ஃபெல்டிலிருந்து வந்த சிவப்பு மருந்து

வூப்பர்டால் நகரின் எல்பெர்ஃபெல்ட் பகுதியில் இருந்த பாயர் ஆய்வுக்கூடத்தில் கெர்ஹார்ட் டோமாக், 1932 டிசம்பரில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஏற்றிய எலிகளைச் செந்நிறச் சாயப்பொருள் ஒன்று காப்பதைக் கண்டார். அதைச் செயற்கையாக ஆக்கியவர்கள் வேதியியலாளர்கள் க்லாரரும் மீட்ஷும். ப்ரோன்டோசில் எனப் பெயர் பெற்ற அம்மருந்து பற்றி டோமாக் 1935 பிப்ரவரியில் கட்டுரை வெளியிட்டார். மறு ஆண்டே லண்டன் குயின் ஷார்லட் மகப்பேற்று மருத்துவமனையில் லெனர்ட் கோல்புரூக் பேற்றுக்காய்ச்சல் கண்ட 38 பெண்களுக்கு அதைக் கொடுத்து, மூவர் மட்டுமே இறந்ததை அறிவித்தார். அதற்கு முன் அங்கே இத்தகைய நோயாளிகளின் இறப்பு நான்கில் ஒருவர் என்ற அளவை ஒட்டியிருந்தது. டோமாக்குக்கு 1939இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. நாசி அரசு அவரை மறுக்கச் செய்தது. 1947இல்தான் பதக்கத்தைப் பெற்றார். சென்னையில் ஆ. லட்சுமணசாமி முதலியாரின் மகப்பேற்று மருத்துவ நூல் முதன்முதலாக வெளிவந்தது 1938இல், இம்மருந்து உலகைச் சுற்றிவந்துகொண்டிருந்த ஆண்டுகளில். சல்ஃபா மருந்துகளுக்குப் பின் பெனிசிலின் வந்தது. பேற்றுக்காய்ச்சல் இறப்பு செல்வ நாடுகளில் அரிய நிகழ்வாயிற்று.

இந்த வெற்றியை எவ்வகையிலும் குறைத்துச் சொல்ல இயலாது. ஆயினும் அதன் நிழலில் ஒன்று மறைந்தது. சல்ஃபா மருந்து சீழ் தேங்கிய இடத்தில் வலுவிழக்கும் என்பது விரைவிலேயே தெரியவந்தது. அதன் வேதியியல் காரணத்துக்கு 1940இல் வுட்ஸ் வழிகாட்டினார்: நுண்ணுயிருக்கு வேண்டிய ஒரு பொருளைப் போல நடித்தே அம்மருந்து அதனைப் பட்டினி போடுகிறது; சிதைந்த திசுவிலோ அந்த உண்மைப் பொருள் நிறையக் கிடைக்கிறது. பிற மருந்துகளுக்கும் வேறு வடிவில் இத்தடை உண்டு. குருதியோட்டம் இல்லாத சீழ்க்கட்டிக்குள்ளும், உறைகட்டிக்குள்ளும், கருப்பையில் ஒட்டிக்கிடக்கும் செத்த நஞ்சுக்கொடித் துணுக்குக்குள்ளும் மருந்து போதிய அளவில் செல்வதில்லை. ஆக, மருந்து பயனளிக்கவில்லை என்பதே உலை எத்தகைய இடத்தில் உள்ளது என்பதற்கு ஒரு குறிப்பாகும். ஷொட்ம்யுல்லர் தலைமுறைக்கு இக்குறிப்பு கிடைக்கவில்லை, நமக்குக் கிடைக்கிறது. அதைப் படிக்கும் பழக்கம்தான் இடையில் தளர்ந்தது.

புதிர்க்காய்ச்சல்

1960களில் அமெரிக்க மருத்துவ இதழ்கள், மருந்து கொடுத்தும் தணியாத பேறுகாலக் காய்ச்சலைப் ‘புதிர்க்காய்ச்சல்’ எனும் பொருளில் பேசத் தொடங்கின. அவர்கள் வருணித்த நோயாளி, நடுக்கத்துக்கு இடையே எழுந்து உட்கார்ந்து உண்ட அதே லைப்சிக் பெண்ணே. பெயர் மட்டும் புதிது. காரணம் இடுப்புச் சிரைகளில் உள்ள உறைகட்டியாக இருக்கலாம் எனக் கருதி, குருதி உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் மருந்தைக் கொடுத்தனர். இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கினால் நோயறிதல் உறுதியாயிற்று என்றனர். மருந்தையே சோதனையாக்கிய இம்முறை பல ஆண்டுகள் பாடநூல்களில் இடம்பெற்றது.

அதைச் சோதித்துப் பார்க்க உறைகட்டியைக் கண்ணால் காணும் கருவி வேண்டியிருந்தது. ஒலி அலைகளால் உடலுள் காணும் துறையில் ஜெர்மனிக்கு முந்திய பங்கு உண்டு. எர்லாங்கனில் சீமென்ஸ் நிறுவனம் 1965இல் உருவாக்கிய விடோசன் என்ற கருவி நொடிக்கு ஏறத்தாழ 15 படங்களைத் தந்து, அசையும் உருவை அக்கணமே காட்டிய முதற்கருவியாகும். மறு ஆண்டே மியுன்ஸ்டர் நகரில் ஹோஃப்மனும் ஹோலண்டரும் அதை மகப்பேற்று மருத்துவத்தில் பயன்படுத்தினர். கருப்பையினுள் தங்கிய துணுக்கைக் காண்பதற்கு அதன் வழிவந்த கருவிகளே இன்று முதற்கருவி. ஆனால் குடல்வாயு மறைக்கும் சூலகச் சிரையை அது எளிதில் காட்டாது. அதற்குக் கணினி வெட்டுவரைவும் காந்த ஒத்ததிர்வு வரைவும் வர வேண்டியிருந்தது.

டல்லஸ் நகரின் பார்க்லண்ட் மருத்துவமனையினர் 1999இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் ஒரு திருப்பம். 44,922 பேறுகளில், மருந்து கொடுத்தும் ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்த 69 பெண்களை வெட்டுவரைவுக்கு உட்படுத்தினர். அவர்களுள் 15 பேருக்கு இடுப்புச் சிரைகளில் கிருமியேறிய உறைகட்டி இருந்தது. இயல்பான பேற்றில் ஏறத்தாழ 9000க்கு ஒருவர். அறுவைப்பேற்றில் 800க்கு ஒருவர். நுண்ணுயிர்க்கொல்லியோடு ஹெப்பரினையும் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் காய்ச்சல் இறங்கிய காலத்தில் வேறுபாடு காணப்படவில்லை. சிறிய எண்ணிக்கைதான், எனினும் ‘ஹெப்பரினுக்கு இறங்கினால் உறைகட்டி’ என்ற விதி அத்தோடு ஆட்டம் கண்டது. பல நாள் மருந்து கொடுத்த பிறகு தானாகவே இறங்கவிருந்த காய்ச்சல் ஹெப்பரின் கணக்கில் எழுதப்பட்டிருக்கலாம். 69இல் 54 பேருக்கு உறைகட்டி இல்லை என்பதும் அதே அளவு முக்கியமானது. தணியாத காய்ச்சலுக்கெல்லாம் சிரையைக் குற்றம் சாட்டுவதும் பிழையே.

இன்றைய நடைமுறை ஏறத்தாழ இவ்வாறு அமைகிறது. கருப்பைத் தொற்றுக்குப் பொருத்தமான மருந்து கொடுத்தால் பத்தில் ஒன்பது பெண்களுக்கு 48 முதல் 72 மணி நேரத்துள் காய்ச்சல் தணியும். தணியாதபோது மருந்தின் வீச்சுக்குள் அடங்காத கிருமி உண்டா என்று பார்க்கிறார்கள். கிளிண்டாமைசின், ஜென்டாமைசின் இரண்டும் சேர்ந்தாலும் என்டரோகாக்கஸ் தப்பிவிடும் என்பது தெரிந்த எடுத்துக்காட்டு. உடனே வெட்டுக்காயம், தங்கிய நஞ்சுக்கொடி, சீழ்க்கட்டி, கிருமியேறிய குருதித் தேக்கம், சிரை எனத் தேடல் விரிகிறது. வலப்புறச் சூலகச் சிரையே பெரும்பாலும் பாதிக்கப்படுவதால், வலக்கீழ் வயிற்று வலியைக் குடல்வால் அழற்சி என்று மயங்குவதும் உண்டு. மார்பு, சிறுநீரகம், நுரையீரல் ஆகியவற்றையும் விடக் கூடாது. கொடுத்த மருந்தே காய்ச்சலை உண்டாக்குவதும் நிகழும். இதற்கு மாறாக ஒன்றையும் சொல்ல வேண்டும்: ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கடுமையாகத் தாக்கும்போது காய்ச்சலே இல்லாமல், தாங்க முடியாத வயிற்று வலியும் விரைந்த நாடியும் மட்டுமே முதலில் தோன்றலாம். அங்கே 72 மணி நேரம் காத்திருப்பது உயிரைக் கொடுப்பதாகும். வுண்டர்லிஷின் அட்டையை மட்டும் நம்பிவிடக் கூடாத இடம் அது.

தாயின் சொல்

ஜெர்மனியில் 1991இல் 15 விழுக்காடாக இருந்த அறுவைப்பேறு இன்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகியுள்ளது. தாய்மார் சில நாள்களிலேயே வீடு திரும்புகின்றனர். பேற்றுக்குப் பின் ஒரு வாரம் கழித்துத் தொடங்கும் சிரைத் தொற்றின் முதல் நடுக்கம், ஆகவே, பெரும்பாலும் வீட்டில்தான் நிகழும். அதை முதலில் அறியும் வாய்ப்பு ஹெபாம எனப்படும் மருத்துவச்சிக்கு உண்டு. பேற்றுக்குப் பின் முதல் பத்து நாள் அன்றாடமும், அதன்பின் பன்னிரண்டாம் வாரம் வரை தேவைக்கேற்பவும் அவர் வீடு வந்து பார்க்கும் செலவைச் சட்டவழிக் காப்புறுதி ஏற்கிறது.

அவர் கேட்கும் கேள்வி ஷூட்டல்ஃப்ரோஸ்ட் வந்ததா என்பது. சொல்லுக்குச் சொல் ‘உலுக்கும் உறைகுளிர்’. அறிமுகத் தமிழில் இது ‘குளிர்ந்ததா?’ என்று ஆகிவிடுகிறது. டிசம்பர் மாதத்து ஜெர்மனியில் பிள்ளை பெற்ற தமிழ்ப்பெண் ஆம் என்பாள், யாருக்குத்தான் குளிராது? வீட்டில் பெரியவர்கள் இருந்தால், பச்சை உடம்பில் குளிர் பிடித்துவிட்டது என்று போர்த்திவிட்டு, கொத்தமல்லி நீர் கொடுத்து முடித்திருப்பார்கள். அறுவை வலிக்காக எடுக்கும் இபுப்ரோஃபென் காய்ச்சலையும் சேர்த்து அமுக்கிவைப்பதால், மருத்துவச்சி வரும் வேளையில் வெப்பமானியும் ஒன்றும் காட்டாது. யாழ்ப்பாணத்து முதியவர்கள் மலேரியா நாள்களிலிருந்து கொண்டுவந்த ‘குலைப்பன்’ என்ற சொல் இன்றைய இளம் தாய்மாரிடம் அருகிவிட்டது. பல் அடிக்க, கட்டில் ஆட வரும் நடுக்கத்தைச் சாதாரணக் குளிரிலிருந்து பிரித்துச் சொல்லும் சொல் அது. மருத்துவமனைகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்புக் குறிப்பேடு ஆக்குவோர், காய்ச்சல் என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், குலைப்பன் வந்ததா, எத்தனை முறை, எத்தனை மணிக்கு, அதற்கு முன் வலிமாத்திரை எப்போது எடுத்தீர்கள் என்ற நான்கு கேள்விகளையும் சேர்த்து எழுதலாம். ஹம்புர்க்கில் குருதி எடுக்க வேண்டிய வேளையை நிர்ணயித்ததும் நடுக்கம் வரும் நேரமே.